'ஏன்?' எனும் சொல்லையும் கற்றுக் கொடுங்கள்!

(இயக்கத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



நாடிழந்து, வீடிழந்து, வேற்று மண்ணிலே வந்து நிற்கும் அகதிகளுக்கு வேலை தேடித்தர ஆங்கிலம் கற்பிக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசிட வந்திருக்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகம் எழுத வந்தவனுக்கு ஆங்கில வகுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிலே சிலர் எண்ணக்கூடும். வசனம் எழுதுகிறவன் என்பதாலேயே பேசுகிறேன். மேடையிலே ஒருவன் மன்னனா, ஏவலாளா என்பதை அவன் தலையிலே இருக்கும் அட்டைக் கிரீடமா காட்டுகிறது? இல்லை. அவன் வாயிலே நாம் வைக்கும் வசனம் காட்டுகிறது. "யார் அங்கே!" என்று எழுதிக் கொடுத்தால் அவன் மன்னன். "உத்தரவு, மகாராஜா!" என்று எழுதிக் கொடுத்தால் அவன் ஏவலாள். அகதிக்கு ஆங்கிலம் கற்பிப்போர் அவன் வாயிலே எந்த வசனத்தை வைக்கிறார்கள்? என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியதுதான்.

2024-ஆம் ஆண்டின் இறுதியிலே, போராலும் கொடுமையாலும் இருந்த இடத்தை விட்டுத் துரத்தப்பட்டோர், உலகெங்கும் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்குக் காட்டிற்று. தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோரையும் சேர்த்த தொகை அது. அகதி என்றால் கதியற்றவன் என்று பொருள் சொல்வர். கதியற்றவன்தான்; ஆனால் கையற்றவன் அல்லன்! உழத் தெரிந்த கை, நெய்யத் தெரிந்த கை, நோயாளியின் நாடி பிடிக்கத் தெரிந்த கை, அத்தனையும் அவனோடுதான் வருகிறது. அந்தக் கைக்கு வேலை கிடைக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வாய். வந்து சேர்ந்த நாட்டின் மொழி வாயில் வராத காரணத்தால், கையிலே இருக்கும் தொழில் கல்லாகிவிடுகிறது.

ஆகவே, மொழி கற்பிப்பது நற்பணி. அதிலே எனக்கு இருவேறு கருத்து இல்லை. கற்பிக்கும் ஆசிரியர்களை, அவர்களிலே ஊதியம் பெறாமல் உழைப்போர் பலர், நான் கைகூப்பி வணங்குகிறேன். எனினும் கேட்கிறேன்: எந்த ஆங்கிலம்? எதற்கான ஆங்கிலம்? யாருக்குப் பயன்படும் ஆங்கிலம்?

மூன்று வசனப் பாடம்

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்தது. அந்த ஆண்டிலேயே வியட்நாமிலிருந்து ஏறத்தாழ 1,30,000 பேர் அமெரிக்காவுக்குள் வந்தனர். கலிபோர்னியாவில் பெண்டில்டன், ஆர்கன்சாவில் சாஃபி, பென்சில்வேனியாவில் இந்தியன்டவுன் கேப், ஃபுளோரிடாவில் எக்லின் என நான்கு படைத்துறை முகாம்களிலே அவர்களைத் தங்க வைத்தனர். முகாம்களிலேயே ஆங்கில வகுப்புகளும் நடைபெற்றன. முதலில் வந்தவர்களிலே படித்தோர் பலர். படை அதிகாரிகளும் அரசு அலுவலரும் இருந்தனர். பின்னாலே வந்தவர்களோ படகேறிக் கடலோடு போராடி வந்தவர்கள். போல்பாட் ஆட்சியின் கொலைக்களத்திலிருந்து தப்பிய கம்போடியர். லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து வந்த மாங் மக்கள். மாங் மக்களிலே பலர் தம் சொந்த மொழியைக்கூட எழுதியறியாதவர்கள். எழுதுகோலையே அதுவரை பிடித்திராத விரலுக்கு, வேலை விண்ணப்பப் படிவத்தை நிரப்பக் கற்பிக்க வேண்டிய நிலை!

அமெரிக்கா 1980-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகதிகள் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டிலேயே தாய்லாந்தின் பனத் நிக்கோம், இந்தோனேசியாவின் கலாங், பிலிப்பைன்சின் பட்டான் ஆகிய இடங்களிலே, அமெரிக்கா செல்லவிருந்த அகதிகளுக்கு ஆங்கிலமும் அமெரிக்க வாழ்க்கை முறையும் கற்பிக்கும் திட்டம் தொடங்கிற்று. கடிகாரம் பார்த்தல், நாணயம் எண்ணுதல், வேலை கேட்டுச் செல்லும்போது பேச வேண்டிய முறை, இவையெல்லாம் பாடங்கள். பயனுள்ள பாடங்களே! நான் மறுக்கவில்லை.

ஆனால் சட்டத்திலே ஒரு நோக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. அகதி எவ்வளவு விரைவிலே இயலுமோ அவ்வளவு விரைவிலே தன் காலில் நிற்க வேண்டும்! நல்ல நோக்கம்தான். ஆனால் விரைவு என்ற சொல்லுக்கு ஆண்டுக்கு ஆண்டு பொருள் மாறிற்று. 1980-இல் அகதிக்கு 36 மாதங்கள் வரை பண உதவி. 1982-இல் அது 18 மாதமாயிற்று. 1991-இல் 8 மாதமாயிற்று. இடையிலே 12 மாதமாக உயர்ந்தது; 2025-இல் 4 மாதமாகச் சுருங்கிவிட்டது. அதே 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அகதிகளைச் சேர்க்கும் திட்டத்தையே நிறுத்திவைத்து ஆணை பிறந்தது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

நான்கு மாதத்திலே என்ன மொழி கற்பிக்க முடியும், தோழர்களே? ஆசிரியரைப் பழிக்க நான் வரவில்லை. எத்தனை பேரை எத்தனை நாளில் வேலைக்கு அனுப்பினாய் என்று கணக்குக் கேட்கும்போது, அவர் என் செய்வார்? அவசரத்துக்கு அகப்படும் மொழியைக் கொடுப்பார். என் கற்பனையில் அப்படி ஒரு வகுப்பைக் காட்டுகிறேன், பாருங்கள்.

ஆசிரியர்: மேலாளர் வேலை சொன்னால் என்ன சொல்வீர்?

அகதி: எஸ், சார்!

ஆசிரியர்: வேலையிலே பிழை நேர்ந்துவிட்டால்?

அகதி: சாரி, சார்!

ஆசிரியர்: தட்டிக் கொடுத்தால்?

அகதி: தாங்க்யூ, சார்!

ஆசிரியர்: மிக நன்று! நீர் வேலைக்குத் தகுதி பெற்றுவிட்டீர்!

அகதி: ஐயா, ஓர் ஐயம். ஐம்பது மணி நேரம் உழைத்திருக்க, நாற்பது மணி நேரத்துக்கே கூலி வந்தால் என்ன சொல்ல வேண்டும்?

ஆசிரியர் (புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு): அது நம் பாடத்தில் இல்லையே!

சிரிக்கிறீர்கள். காட்சி கற்பனை, கருத்து கற்பனை அல்ல. எல்சா அவர்பாக், டெனிஸ் பர்கஸ் எனும் கல்வியாளர் இருவர், 1985-ஆம் ஆண்டிலே, புதிதாகக் குடிவந்தோர்க்கு 'பிழைப்பதற்கான ஆங்கிலம்' கற்பிக்கும் பாடநூல்களை அலசி ஆராய்ந்து எழுதினர். பணிவாகக் கேட்கவும், சொன்னதைச் செய்யவும், நன்றி கூறவும் கற்பிக்கும் அந்த நூல்கள், அவர்களைக் கீழ்ப்படியும் இடத்துக்கே பழக்குகின்றன என்று எடுத்துக்காட்டினர். ஜேம்ஸ் டாலெப்சன் என்பார் 1989-இல் வெளியிட்ட நூலிலே, ஆசிய முகாம்களில் நடைபெற்ற கல்வி, அகதிகளை அமெரிக்காவின் அடித்தட்டுக் கூலி வேலைகளுக்கே ஆயத்தம் செய்தது என்று குற்றம் சாட்டினார். அவர்கள் நம் இயக்கத்தார் அல்லர்; வகுப்பறைக்கு உள்ளேயிருந்து எழுந்த குரல்கள் அவை.

இரண்டு பள்ளிகள்

இது நேற்று முளைத்த சிக்கலும் அன்று. நூறாண்டுக்கு முன்பே அமெரிக்காவிலே இரு வகைப் பள்ளிகள் இருந்தன.

ஒன்று, முதலாளி நடத்திய பள்ளி. மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டு 1914-ஆம் ஆண்டு, தம் தொழிற்சாலையில் வேலை பார்த்த வெளிநாட்டாருக்காக ஆங்கிலப் பள்ளி திறந்தார். நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அவர் அறிவித்தது உலகையே வியக்க வைத்த ஆண்டு அது. ஆனால் அந்த ஐந்து டாலரை முழுமையாகப் பெற, தொழிலாளி வீட்டிலே எப்படி வாழ்கிறான் என்று பார்த்துவர ஆய்வாளர்கள் வருவார்கள்! வேலையும் அவருடையது, வகுப்பும் அவருடையது, வீட்டைச் சோதிக்கும் கண்ணும் அவருடையது!

படிப்பு முடிந்தவர்களுக்கு விழா எடுத்தார்கள். 1916-இல் நடந்த அந்த விழாவை நாடகக்காரன் நான் மறக்கவே முடியாது. மேடையிலே ஒரு கப்பலின் தோற்றம். நடுவிலே ஒரு மாபெரும் கொப்பரை. தத்தம் நாட்டு உடையிலே, மூட்டை முடிச்சுகளோடு தொழிலாளர்கள் கப்பலிலிருந்து இறங்கிக் கொப்பரைக்குள்ளே போகிறார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பையால் கிண்டுகிறார்கள். அப்புறம், எல்லோரும் ஒரே மாதிரி அமெரிக்க உடையிலே, கையிலே கொடியோடு வெளியே வருகிறார்கள்! போகும்போது பலராக இருந்தோர், வரும்போது ஒரே அச்சு! காட்சி அமைப்புக்குக் கைதட்டலாம். ஆனால், அந்தக் கொப்பரைக்குள்ளே கரைந்து போனதென்ன என்று யாராவது கேட்டார்களா?

மற்றொன்று, தொழிலாளர் தமக்குத் தாமே நடத்திய பள்ளி. நியூயார்க் நகரிலே பெண்டிர் ஆடை தைக்கும் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினருக்கு ஆங்கில வகுப்புகள் நடத்திற்று. அந்த உறுப்பினர்களிலே மிகப் பலர், ருசியப் பேரரசிலே யூதர் மீது ஏவப்பட்ட கொலை வெறியிலிருந்து தப்பி வந்த குடும்பத்தார். அவர்களிலே ஒருத்தி கிளாரா லெம்லிச். 1909-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள். கூப்பர் யூனியன் மண்டபத்திலே கூட்டம். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இளம் தையற்காரி எழுந்தாள், மேடை ஏறினாள், பேச்செல்லாம் போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்றாள். எந்த மொழியிலே? ஆங்கிலத்திலேயா? இல்லை! தன் தாய்மொழியாம் இத்திஷ் மொழியிலே! ஆயிரமாயிரம் பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தனர். 'இருபதாயிரவர் எழுச்சி' என்று வரலாறு அதற்குப் பெயர் சூட்டிற்று.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு. கூடப் பணிபுரிவோர் நெஞ்சைத் தொட அவளுக்குத் தாய்மொழி வேண்டும். முதலாளியிடம் கணக்குக் கேட்க, ஒப்பந்தத்தைப் படிக்க, வழக்கு மன்றத்திலே நிற்க ஆங்கிலம் வேண்டும். இதற்காக அதை விடு, அதற்காக இதை விடு என்று எவர் கூறினாலும், அவர் தொழிலாளியின் இரு கைகளில் ஒன்றை வெட்டச் சொல்கிறார் என்பதே பொருள்.

சொல் தெரியாததால் போன உயிர்

எழுச்சி நடந்து ஓராண்டு சென்று, 1911 மார்ச்சு 25-இல், அதே நகரிலே டிரையாங்கிள் எனும் தையல் தொழிற்சாலையிலே தீப்பற்றிற்று. பூட்டிக் கிடந்த கதவுக்குப் பின்னே சிக்கியும், மாடிச் சன்னல்களிலிருந்து குதித்தும், 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் புதிதாக வந்த இளம் பெண்கள்.

பழங்கதை என்று தள்ளாதீர். 2020-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கொரோனா கொள்ளை நோய்க் காலம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலே, சூ ஃபால்ஸ் நகரிலே, மாபெரும் பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஒன்று. அங்கே பேசப்பட்ட மொழிகள் ஏறத்தாழ 40! ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரும், நேபாளி பேசுவோரும், வியட்நாமியரும் அடுத்தடுத்து நின்று இறைச்சி அறுத்தனர். 1,294 தொழிலாளருக்கு நோய் தொற்றிற்று, நால்வர் மாண்டனர். நோய்த் தடுப்பு மையத்தார் அங்கே சென்று ஆய்ந்தபோது, இத்தனை மொழியினருக்கும் செய்தியைக் கொண்டு சேர்ப்பதே பெரும் இடர்ப்பாடு என்று எழுதினர். அறிவிப்புகளைப் பல மொழிகளிலே வைக்குமாறு கூறினர்.

பத்தாண்டுகளுக்கு முன்பே, 2010-இல், அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை தெளிவாக அறிவித்திருந்தது: பாதுகாப்புப் பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலேயே அளித்திட வேண்டும் என்று! ஆகவே, "அவன் ஆங்கிலம் கற்கட்டும், அதுவரை நான் பொறுப்பில்லை" என்று எந்த முதலாளியும் தப்பிவிட முடியாது. ஆங்கில வகுப்பு நடக்கட்டும். ஆனால் அபாயப் பலகை இன்றைக்கே அவன் மொழியில் தொங்கட்டும்! ஆறு மாதம் கழித்து அவன் இலக்கணம் கற்றுத் தேறும் வரை, இயந்திரத்தின் பல் காத்திருக்குமா?

கற்க வேண்டியவர் ஒருவர் மட்டுமா?

இன்னொரு செய்தி. மொழியறிஞர் ஜான் கம்பர்ஸ் ஆராய்ந்து எழுதியது. பிரிட்டனிலே ஒரு பெரிய விமான நிலையம். அங்கே ஊழியர் உணவகம். இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகப் பரிமாற வந்திருந்தனர். அவர்கள் அகதிகள் அல்லர். ஆனால் அவர்களுக்கு நேர்ந்தது அகதிக்கும் நேர்வதே. "இவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, சிடுசிடுக்கிறார்கள்" என்று புகார். பேசியதோ ஒரே சொல், 'கிரேவி'! வெள்ளைக்காரப் பெண் அந்தச் சொல்லின் முடிவிலே குரலை உயர்த்துவாள். வேண்டுமா என்று கேட்பதாக அது ஒலிக்கும். நம் பெண்கள் குரலைத் தாழ்த்தினர். 'இது கிரேவி, வேண்டுமானால் எடு' என்பதாக ஆங்கிலக் காதிலே விழுந்தது. பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினர். பெண்களுக்கு வேறுபாடு விளங்கிற்று. தம்மிடம் அவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டனர் என்பதும் விளங்கிற்று. மேலாளருக்கும் விளங்கிற்று: இது திமிர் அல்ல, அவர்கள் மொழியின் இயல்பு என்று!

பார்த்தீர்களா? ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்துக்குள்ளே ஒருத்தியின் வேலையே அடங்கிக் கிடக்கிறது. அகராதியிலே இல்லாத இந்த நுட்பத்தை வகுப்பிலே கற்பிக்க வேண்டும். ஆனால் பாடம் ஒருவழிப் பாதையாக இருத்தல் ஆகாது. வந்தவர் வாயைப் பழக்க வேண்டும். இருப்பவர் காதையும் பழக்க வேண்டும்.

என்ன கற்பிப்பது?

"முதலில் பசி தீரட்டும், உரிமையெல்லாம் பிறகு" என்பார் சிலர். பசியின் கொடுமையை நாமறிவோம். அதனால் இந்த வாதத்தை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால், 'பிறகு' என்பது எப்போது? இரவு முழுவதும் தொழிற்சாலையிலே நின்றவன், பகலிலே பிள்ளையைப் பார்த்துக்கொள்பவன், பிறகு எந்த வகுப்புக்கு வருவான்? முதல் வகுப்பிலே கிடைக்காத சொல், பலருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைப்பதில்லை. மேலும், உரிமைப் பாடம் கற்பிக்கத் தனியாக ஆறு மாதமா வேண்டும்? எண் கற்பிக்கிறீரே, அந்த எண்ணைக் கூலிச் சீட்டிலிருந்தே கற்பியும்! கடிகாரம் கற்பிக்கிறீரே, வேலைக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்து வைக்கக் கற்பியும்! உடல் உறுப்புகளின் பெயர் கற்பிக்கிறீரே, 'இங்கே அடிபட்டது. வேலை செய்யும்போது அடிபட்டது' என்று சொல்லக் கற்பியும்! பாடம் அதே பாடம்; யார் பக்கம் நின்று கற்பிக்கிறோம் என்பதுதான் வேறு.

அமெரிக்காவிலே தொழிலாளர் சங்கம் சேரும் உரிமைக்குச் சட்டம் பிறந்தது 1935-இல். குறைந்தபட்சக் கூலிக்கும் மிகைநேர ஊதியத்துக்கும் சட்டம் பிறந்தது 1938-இல். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல். அங்கே வேலை செய்யும் அகதிக்கும் இவற்றின் பாதுகாப்பு உண்டு. இருந்தும், இருப்பது தெரியாதவனுக்கு, இருந்தென்ன, இல்லாமற் போனாலென்ன?

செய்ய முடியாத காரியமும் அன்று இது. முன்னே நான் சொன்ன அவர்பாக், நீனா வாலர்ஸ்டீன் என்பாரோடு சேர்ந்து, 1987-இல் ஒரு பாடநூலே வெளியிட்டார். தொழிலாளி வேலையிடத்திலே சந்திக்கும் சிக்கலையே பாடமாக வைத்து, அதைப் பற்றிப் பேசுவதன் வாயிலாகவே ஆங்கிலம் பழக்கும் நூல் அது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே காட்டிய வழி. வழி இருக்கிறது, நடப்பதற்கு மனம் வேண்டும்.

தோழர்களே! தொலைதூரத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலிலே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கரை சேர்த்தனர். அவர்கள் நம் மொழி பேசும் ஈழத் தமிழர்! அவர்களைப் போல் அந்நாடு போய்ச் சேர்ந்தோர், டொராண்டோ உணவகங்களின் சமையற்கட்டிலே கால் கடுக்க நின்று, பாத்திரம் கழுவி, அந்த ஈரக் கையோடு ஆங்கிலம் கற்று, இன்று தலைநிமிர்ந்து வாழ்கிறார்கள். கொப்பரையிலே கரைந்துவிடவில்லை, தமிழையும் காத்தார்கள், ஆங்கிலத்தையும் ஆண்டார்கள்.

1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர் வாழும் முகாம்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த இளைஞருக்கு வேலைக்காக ஆங்கிலம் பழக்க மாலை நேரத்திலே செல்லும் தோழர்களே, உங்கள் தொண்டு உயர்ந்தது. உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே: நேர்முகத் தேர்விலே எப்படிக் கைகுலுக்குவது என்று கற்பியுங்கள், கூடவே, கையொப்பம் இடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் கற்பியுங்கள். 'எஸ்' கற்பியுங்கள், 'நோ'வும் கற்பியுங்கள். 'தாங்க்யூ' கற்பியுங்கள், 'எவ்வளவு கூலி?' என்பதையும் கற்பியுங்கள். 'சாரி' கற்பியுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஏன்?' என்று கேட்கக் கற்பியுங்கள்!

பணிந்து பேசத் தெரிந்தவனுக்கு ஒரு வேலை கிடைக்கும். காரணம் கேட்கத் தெரிந்தவனுக்கே அந்த வேலையிலே மானமும் கிடைக்கும். நாட்டை இழந்து வந்தவனுக்கு நாம் அந்த மானத்தையும் சேர்த்துத் தந்திடல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.